ஒரே சர்வர் இருக்கட்டும், ஒரே பாஸ்வேர்டு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர், நெட்வொர்க், சர்வர் வேலைதான் என் பிழைப்பு. பதினேழு வருஷமாக இந்த ஊரிலும் பர்கூர், காவேரிப்பட்டணம், காரிமங்கலம், அந்தப் பக்கம் தர்மபுரி வரைக்கும் வண்டியில் போய் ஆடிட்டர் அலுவலகம், பத்திரம் எழுதுகிற இடம், போட்டோ ஸ்டுடியோ, கிரானைட் கம்பெனி என்று எல்லா இடத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். ஓடிபி மோசடி, போலி லிங்க், டிஜிட்டல் கைது என்று பத்திரிகைகளில் நிறைய வருகிறது, வரவேண்டியதுதான். ஆனால் எந்தத் திருடனும் வராமல், நாமே திறந்து போட்ட கதவு வழியாக ஒரு வாடிக்கையாளரின் கணக்கை இன்னொரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டுப் போவதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. நான் வேலைக்குப் போகிற இடங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாம்பழ சீசனில் நடந்தது. ஒரு கணக்கு எழுதும் அலுவலகம், பெயர் வேண்டாம். அவர்களுடைய வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் மாங்கூழ் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள். சீசன் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பெங்களூரா மாம்பழ லோடு ஏற்றிய டிராக்டரும் லாரியும் தொழிற்சாலை வாசலில் வரிசை கட்டி நிற்கும், கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் தோட்டக்காரருக்கும் தெரியும், தொழிற்சாலைக்காரருக்கும் தெரியும். எடைச்சீட்டு, கொள்முதல் பட்டியல், யாருக்கு எவ்வளவு முன்பணம் போனது, எல்லாம் தினமும் அந்த அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பி எது பழைய பட்டியல் எது புதுசு என்றே தெரியாமல் குழம்பிப் போனதால், அலுவலகத்தில் எல்லோருடைய ஃபைலையும் ஒரே இடத்தில் வைக்கும் கம்ப்யூட்டராக ஒரு சர்வர் வைத்து, வாடிக்கையாளர்களே அவரவர் இடத்தில் இருந்து ஃபைலைப் போடவும் எடுக்கவும் வழி செய்து கொடுத்திருந்தார்கள். நல்ல யோசனைதான், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த அலுவலகத்துப் பெரியவர் போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் உடனே வர முடியுமா" என்றார், குரலே சரியில்லை. போனால் அங்கே தொழிற்சாலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "நாளைக்கு நாங்க என்ன ரேட்டு வைக்கப்போறோம்னு எங்க ஆபீஸ்லயே மூணு பேருக்குத்தான் தெரியும், அது எப்படி அந்த இன்னொரு ஃபேக்டரிக்குப் போச்சு?"

சர்வரைத் திறந்து பார்த்தேன். வாடிக்கையாளர் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் நாற்பது சொச்சம் பெயர்கள். மொத்த ஃபோல்டரும் ஷேர் செய்யப்பட்டிருந்தது, பெர்மிஷன் பக்கத்தில் எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல், அதாவது உள்ளே வருகிற யாரும் எதையும் செய்யலாம். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே யூசர் நேம், ஒரே பாஸ்வேர்டு, அதுவும் அலுவலகத்தின் பெயரும் 123-ம். ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் அவரவர் ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட் மட்டும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஷார்ட்கட்டைத் திறந்து, மேலே போகிற அம்புக்குறியை ஒரே ஒரு தடவை அழுத்தினால் நாற்பது பேரின் வீடும் திறந்து கிடக்கும். போட்டித் தொழிற்சாலையின் பெயர் அகர வரிசையில் இவர் பெயருக்கு நாலு வரி கீழே இருந்தது.

யார் திறந்தார்கள் என்று காட்டுங்கள் என்றார் அவர். காட்ட முடியவில்லை. ஆடிட்டிங் ஆன் செய்யாமல் விட்டால் எந்த ஃபைலை யார் திறந்தார்கள் என்று விண்டோஸ் எழுதி வைக்காது, இங்கே அதை யாரும் ஆன் செய்யவில்லை. ஆன் செய்திருந்தாலும் எல்லோரும் ஒரே பெயரில் உள்ளே வருவதால் அந்தப் பெயர்தான் நாற்பது தடவை இருந்திருக்கும். இன்னொருவர் பார்த்தார் என்று நிரூபிக்கவும் வழியில்லை, பார்க்கவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. ரேட்டு வேறு எந்த வழியிலாவது கூடப் போயிருக்கலாம், யாராவது ஒரு டிரைவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்புக்குறியை நான் அழுத்திக் காட்டிய நொடியில் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பதினொரு வருஷப் பழக்கம். அடுத்த வாரம் ஃபைல் கட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு வேறு இடம் போய்விட்டார். பெரியவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், "இவ்வளவு வருஷம் ஒரு பைசா தப்பு பண்ணினதில்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். உண்மைதான், அவர் பண்ணவில்லை.

அந்த சர்வரை வைத்துக் கொடுத்தது நான் இல்லை. ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்றிரண்டு இடத்தில் இல்லை. சர்வர் வைத்ததும் போன் வரும், "ஃபைல் திறக்க மாட்டேங்குது, ஆக்சஸ் டினைடுன்னு வருது" என்று. காரணம் தேட அரை நாள் ஆகும், எவ்ரிஒன் போட்டுவிட்டால் அரை நிமிஷத்தில் திறந்துவிடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார். நம் மாவட்டத்தில் சர்வர் வேலை செய்கிற தம்பிகள் நிறையப் பேர் இப்படித்தான் பழகியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இதை மாற்றியே ஆக வேண்டும். பல வாடிக்கையாளர்களின் ஃபைலை ஒரே சர்வரில் வைப்பதில் ஒரு தப்பும் கிடையாது. எல்லோரையும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் உள்ளே விடுவதுதான் தப்பு.

எப்படிச் செய்ய வேண்டும் என்றும் எழுதிவிடுகிறேன், வெறும் குறை சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை.

முதலில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி யூசர். ஒரு கம்பெனியில் இருந்து மூன்று பேர் வருகிறார்கள் என்றால் மூன்று யூசர். அவர்கள் மூவரையும் அந்தக் கம்பெனி பெயரில் ஒரு குரூப்பில் போட்டு, அனுமதியை அந்தக் குரூப்புக்குத்தான் கொடுக்க வேண்டும், ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. நாளைக்கு ஒருவர் வேலையை விட்டுப் போனால் குரூப்பில் இருந்து அவர் பெயரை எடுத்து, யூசரையும் முடக்கிவிட்டால் போதும். இல்லாவிட்டால் எந்தெந்த ஃபோல்டரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், தலைக்கு மேல் வேலை இருக்கிற அலுவலகத்தில் அதை யாரும் தேட மாட்டார்கள்.

விண்டோஸில் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது, இதுதான் நிறையப் பேரைக் குழப்புவது. ஷேரிங் பக்கத்தில் ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் என்டிஎஃப்எஸ் அனுமதி என்று இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டில் எது கம்மியோ அதுதான் கிடைக்கும். வீட்டு வெளிக்கதவும் உள்ளறைக் கதவும் மாதிரி, இரண்டும் திறந்திருந்தால்தான் உள்ளே போகலாம். வெளிக்கதவில் லாகின் செய்த எல்லோருக்கும் வழி விட்டுவிட்டு, உள்ளறைக் கதவில் கறாராக இருப்பதுதான் நடைமுறையில் சுலபம். மேலே இருக்கும் பெரிய ஃபோல்டரில் எல்லாக் குரூப்புக்கும் பட்டியலைப் பார்க்கும் அனுமதி மட்டும், அதுவும் இந்த ஃபோல்டருக்கு மட்டும் என்று போட வேண்டும். கீழே ஒவ்வொரு வாடிக்கையாளர் ஃபோல்டரிலும் மேலிருந்து வழிவழியாக வரும் அனுமதியைத் துண்டித்துவிட்டு, அந்த வாடிக்கையாளர் குரூப், அலுவலக ஊழியர் குரூப், விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம், நிர்வாகி, இவ்வளவு பேரை மட்டும் எழுத வேண்டும். வாடிக்கையாளருக்கு ஃபைலைப் படிக்க, எழுத, அழிக்க விடும் மாடிஃபை போதும், ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால் அனுமதியையே மாற்றுகிற அதிகாரமும் கூடப் போய்விடும். டினை என்கிற தடையைப் போட்டு விளையாடவும் வேண்டாம், அதே இடத்தில் போட்ட அனுமதியை அது அடித்துவிடும், ஒருவர் இரண்டு குரூப்பில் இருந்தால் ஏன் திறக்கவில்லை என்று மண்டை காயும்.

இவ்வளவு செய்தாலும் அடுத்தவர் ஃபோல்டரின் பெயர் கண்ணில் படும். உள்ளே போக முடியாது, ஆனால் அந்த அலுவலகத்துக்கு யார் யார் வாடிக்கையாளர் என்பதே ஒரு தகவல்தானே. அதற்கும் வழி இருக்கிறது. அனுமதி இல்லாத ஃபோல்டரைக் கண்ணிலேயே காட்டாமல் மறைக்கும் வசதி விண்டோஸ் சர்வரில் 2003 பதிப்பின் முதல் சர்வீஸ் பேக்கில் இருந்தே உண்டு, ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷன் என்று பெயர், ஒரு டிக் அடித்தால் வந்துவிடும். காசு கொடுத்து விண்டோஸ் சர்வர் வாங்க முடியாதவர்கள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டு, அதில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஃபோல்டரை ஷேர் செய்து கொடுக்கும் சாம்பா போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்கிறவர் ஆஸ்திரேலியாவில் 1990-களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்த மென்பொருள், இன்றைக்கும் இலவசம். அதிலும் ஹைட் அன்ரீடபிள் என்று ஒரு வரி எழுதினால் இதே வேலை நடக்கும். சிலர் ஷேர் பெயருக்குப் பின்னால் டாலர் குறி போட்டு மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அது பட்டியலில் இருந்து பெயரை மட்டும்தான் எடுக்கும், பெயர் தெரிந்தவர் நேராக டைப் செய்து உள்ளே போய்விடுவார்.

அந்தப் பெரியவர் அலுவலகத்தில் இதையெல்லாம் நான் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன், மூன்று நாள் ஆனது. மறுநாள் காலையிலேயே பாரூர் பக்கம் இருந்து ஒரு வாடிக்கையாளர் பதறிப்போய் போன் போட்டார்: "என்னப்பா, என்னோட ஒரு ஃபோல்டர்தான் இருக்குது, மத்ததெல்லாம் அழிஞ்சு போச்சா?" இத்தனை நாள் அவர் மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் நல்ல மனுஷர், அதனால்தான் வெளிப்படையாகக் கேட்டார்.

இதில் ஒரு சிக்கலைச் சொல்லி வைக்கிறேன், புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரே ஆள் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் போக விடாது, 1219 என்று ஒரு எர்ரர் வரும். பழைய பொதுப் பெயரில் இணைப்பு திறந்திருக்கும்போதே புதுப் பெயரைப் போட்டால் இதுதான் நடக்கும். உடனே "புது முறை வேலை செய்யல, பழையபடியே வெச்சுடு" என்பார்கள். மசிந்துவிடாதீர்கள். பழைய இணைப்பைத் துண்டித்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டையும் அழித்து, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது.

அப்புறம் ஸ்கேன் ஃபோல்டர். எனக்கு இதுதான் பெரிய கவலை. பெரிய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் பட்டனை அழுத்தினால் சர்வரில் இருக்கும் ஒரு பொது ஃபோல்டரில் போய் விழுகிற மாதிரி எல்லா அலுவலகத்திலும் வைத்திருக்கிறார்கள். ஒரு பத்திரம் எழுதும் இடத்தில் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். தேதியும் எண்ணும்தான் பெயர், ஆயிரக்கணக்கான பிடிஎஃப். ஒன்றைத் திறந்தால் ஆதார், அடுத்தது பான் கார்டு, அடுத்தது பட்டா, கிரயப் பத்திரத்தின் கைரேகைப் பக்கம், வாரிசுச் சான்று, ஒரு பாட்டியின் பென்ஷன் புத்தகம். பட்டா மாறுதலுக்கு வந்தவர்கள் கையில் கொடுத்த காகிதம் எல்லாம் நாலு வருஷமாக அங்கே கிடக்கிறது. வேலை முடிந்ததும் ஒரிஜினலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள், நகல் இங்கே யாரும் கேட்பாரற்று இருக்கிறது. அந்த மெஷின் பழசு என்பதால் ஃபைல் ஷேர் செய்ய விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பு இல்லாமல் சர்வரோடு பேசாது, அதற்காக சர்வரிலும் அந்தப் பழைய பதிப்பை ஆன் செய்து வைத்திருந்தார்கள். 2017 மே 12-ம் தேதி உலகத்தையே உலுக்கிய, ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்கிற தீய மென்பொருள் இந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள்.

ஸ்கேனுக்கு என்று தனி யூசர் வையுங்கள், அந்த யூசருக்கு அந்த ஒரு ஃபோல்டரைத் தவிர வேறெங்கும் அனுமதி வேண்டாம். அந்த ஃபோல்டர் அலுவலக ஊழியர்களுக்கு மட்டும். தினமும் சாயங்காலம் கடை மூடுவதற்கு முன்னால் அதைக் காலி செய்து அவரவர் ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். போடும்போதும் ஒரு விஷயம்: ஒரே டிரைவுக்குள் ஃபைலை கட் செய்து நகர்த்தினால் பழைய இடத்து அனுமதியே கூட வந்துவிடும், காப்பி செய்து பேஸ்ட் செய்தால்தான் புது இடத்தின் அனுமதி ஒட்டும். காப்பி செய்துவிட்டு அப்புறம் பழையதை அழியுங்கள். இது தெரியாமல், "அவருக்கு மட்டும் அந்த பிடிஎஃப் திறக்க மாட்டேங்குது" என்று என்னைக் கூப்பிட்ட இடம் நிறைய.

டேலி என்கிற கணக்கு மென்பொருள் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று. டேலி ஒவ்வொரு கம்பெனியின் டேட்டாவையும் வெறும் எண்ணைப் பெயராக வைத்த ஃபோல்டரில்தான் போடும். எல்லாக் கம்பெனியையும் ஒரே டேட்டா ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு, எந்த எண் யாருடையது என்று தெரியாமல், ஒருவருக்கு பேக்கப் எடுத்துக் கொடுக்கும்போது மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த அலுவலகத்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் டேட்டா போய்ச் சேரும் இடத்தை, அதாவது டேட்டா பாத்தை, தனியாக வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

வெளியூரில் இருந்து ஃபைல் எடுப்பதற்கு வருகிறேன். ரவுட்டரில் ஃபைல் ஷேருக்கான வாசலான 445-ம் நம்பர் போர்ட்டைத் திறந்து விட்டு சர்வரை நேராக இன்டர்நெட்டில் நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். திறந்த சில நிமிஷத்தில் எங்கெங்கோ இருந்து கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள், அதற்கென்றே இயந்திரங்கள் ராப்பகலாக ஓடுகின்றன. இன்டர்நெட் வழியாகவே மறைவான தனிப் பாதை போட்டுத் தரும் விபிஎன் போட்டு அதற்குள் வரட்டும், அதற்கான வயர்கார்டு மென்பொருள் இலவசம்தான். நிறைய இணைப்புகளில் நமக்கென்று தனியாகப் பப்ளிக் ஐபி, அதாவது வெளியில் இருந்து எட்டக்கூடிய இணைய முகவரி, கிடைக்காது, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஐபி கொடுப்பார்கள், அப்போது வெளியில் இருந்து உள்ளே வர முடியாது. மாறாத முகவரியான ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது வெளியே சின்னதாக ஒரு வாடகை சர்வர் எடுத்து அது வழியாகக் கொண்டுவர வேண்டும். விபிஎன் எல்லாம் எங்கள் வாடிக்கையாளருக்குப் புரியாது என்றால் ஃபைலைப் பாதுகாப்பாக அனுப்பி எடுக்கும் எஸ்எஃப்டிபி வைக்கலாம், ஒவ்வொருவரையும் அவரவர் ஃபோல்டருக்குள்ளேயே அடைத்துவிடும் வசதி அதற்கான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் இருக்கிறது, மேலே போகிற அம்புக்குறி அங்கே எங்கும் கொண்டு போகாது. அடைக்கிற ஃபோல்டர் ரூட் என்கிற தலைமை நிர்வாகி பெயரில் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அதில் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் லாகினே ஆகாது. அதனால் அதற்குள் இன்னொரு ஃபோல்டர் செய்து அதை வாடிக்கையாளர் பெயரில் விட வேண்டும். முதல் தடவை இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

சர்வரே வேண்டாம், கூகுள் டிரைவில் போட்டுக்கொள்கிறோம் என்கிறவர்களும் உண்டு. சரி, போடுங்கள், ஆனால் லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்த லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அதுவும் இதே எவ்ரிஒன்தான். அவரவர் இமெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

பேக்கப் பற்றி அதிகம் எழுதவில்லை, அது தனிக் கடிதம். எல்லோருக்கும் எழுதும் அனுமதி இருக்கும் சர்வரில் ஒரே ஒரு வாடிக்கையாளரின் லேப்டாப்பில் வானாக்ரை மாதிரி ஒரு ரான்சம்வேர் வந்தால் நாற்பது பேரின் ஃபைலும் பூட்டிக்கொள்ளும், தனித்தனியாகப் பிரித்து வைத்தால் அந்த ஒருவருடையது மட்டும் போகும், அதையும் பேக்கப்பில் இருந்து எடுத்துவிடலாம். அந்த பேக்கப் டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே சொருகிக் கிடக்கக் கூடாது. இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்டு வைத்திருக்கிறோம் என்பார்கள், ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், அழித்த ஃபைலைக் காப்பாற்றாது.

சட்டமும் இப்போது சும்மா இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தகவல் வெளியே போனால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நம் ஊர்ச் சின்ன அலுவலகத்துக்கு அவ்வளவு போட மாட்டார்கள் என்பது வேறு, ஆனால் பொறுப்பு என்னுடையது இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. ஆடிட்டர்களுக்கு இது புதிதும் இல்லை. 1949-ம் வருஷத்துப் பட்டயக் கணக்காளர் சட்டமே வாடிக்கையாளரின் தகவலை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதைத் தொழில் ஒழுங்கீனம் என்று வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் இரும்பு பீரோவுக்குச் சாவி போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இப்போது பீரோவே சர்வருக்குள் போய்விட்டது.

2004-ல் மாவட்டம் பிரிந்தபோது நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். நெட்வொர்க் பாடம் இருந்தது, கேபிள் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், ஐபி முகவரி கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் கூடப் பேசினதில்லை. இப்போது என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளும் எவ்ரிஒன் என்பதைத்தான் முதலில் போடுகிறார்கள். நம் மாவட்டத்துப் பாலிடெக்னிக், ஐடிஐ ஆசிரியர்கள் இதைப் படித்தால், செய்முறை வகுப்பில் ஒரு நாள் ஒதுக்கி, மூன்று வாடிக்கையாளர், மூன்று குரூப், ஒருவர் ஃபோல்டரை இன்னொருவர் திறக்க முடியாமல் செய்து காட்டு என்று ஒரு பயிற்சி வைத்தால் போதும். ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, சின்ன அலுவலகங்களும் கடைகளும் தங்களிடம் இருக்கும் அடுத்தவர் தகவலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தமிழில் எழுதுங்கள். இணையத்தில் இதெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் பழையபேட்டையில் கடை வைத்திருப்பவரும் பாலக்கோட்டில் தக்காளி மண்டிக் கணக்கு எழுதுபவரும் அதைத் தேடிப் படிக்கப் போவதில்லை. உங்கள் பத்திரிகையைத்தான் காலையில் டீயோடு படிக்கிறார்கள். எழுதுவதாக இருந்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தர நான் தயார், பணம் ஒன்றும் வேண்டாம்.

வாடிக்கையாளராக இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஆடிட்டரோ, டிசைன் கடைக்காரரோ, ஸ்டுடியோக்காரரோ உங்களுக்கு ஒரு ஃபோல்டர் கொடுத்திருந்தால், இன்றைக்குச் சாயங்காலம் அதைத் திறந்து, மேலே போகிற அந்த அம்புக்குறியை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உங்கள் பெயரைத் தவிர வேறு பெயர் தெரிந்தால், எதையும் திறக்காமல் மூடிவிட்டு அவர்களுக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். அங்கே பெயர் இருக்கிற ஒவ்வொருவருக்கும் உங்கள் ஃபோல்டரும் அப்படியே தெரிந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
கணினி சேவைத் தொழில் செய்யும் வாசகர்,
கிருஷ்ணகிரி